ஒரு தடவை மட்டும் கேட்பவர்கள்

ஜெர்மனியில் ஒருவன் வேண்டாம் என்று சொன்னால் வேண்டாம் என்றே எடுத்துக்கொள்வார்கள். இவ்வளவு பெரிய செய்தியை எல்லையிலேயே ஒரு பலகையில் எழுதி வைத்திருக்கலாம். வைக்கவில்லை. அதனால் குலாம் தஸ்தகீர் அதை ஹாம்பர்க் நகரத்தின் பில்ஷ்டெட் பகுதியில், மூடிப்போன ஒரு நீச்சல்குளக் கட்டடத்தின் மாடியில், சொந்த நஷ்டத்தில் கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று.

தஸ்தகீர் ஹெராத்காரர். ஹெராத்துக்கும் காபூலுக்கும் நடுவே பேருந்து ஓட்டியவர். அந்தப் பேருந்து ஜெர்மனியில் பிறந்து, அங்கேயே கிழடு தட்டி, ஓய்வு பெற்ற பிறகு ஆப்கானிஸ்தானத்துக்கு வேலைக்கு வந்த வண்டி. ஓட்டுநர் தலைக்கு மேலே ஜெர்மன் எழுத்தில் ஒரு வாசகம் இருந்தது. ஏதோ நல்ல வார்த்தையாகத்தான் இருக்கும் என்று அவர் தினமும் அதைத் துடைத்துவைப்பார். ஹாம்பர்க்குக்கு வந்த பிறகுதான் அதன் பொருள் தெரிந்தது: ‘ஓட்டுநரோடு பேசாதீர்கள்.’ அத்தனை வருடத்தில் அவரோடு பேசாமல் வந்த பயணி ஒருவர்கூடக் கிடையாது. ஒருவர் அவர் தோளில் கைபோட்டபடியே தன் பெண்ணின் கல்யாணக் கதையைக் கந்தஹாரிலிருந்து கஜ்னிவரை சொல்லியிருக்கிறார்.

ஹாம்பர்க்கில் பேருந்துப் பணிமனை ஒன்றின் மேலாளர் லூடர்ஸ். பேச்சைக் காசு கொடுத்து வாங்குகிறவர் போலப் பேசும் மனிதர். தஸ்தகீரை வளாகத்துக்குள் ஒரு சுற்று ஓட்டிக் காட்டச் சொன்னார். தஸ்தகீர் ஓட்டி, கோட்டில் கொண்டுவந்து நிறுத்தினார். லூடர்ஸ் கோட்டைப் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார்.

“வண்டி சரி. மொழிதான் இல்ல. இலை உதிர்றதுக்குள்ள மொழிச் சான்றிதழோட வா. பயிற்சியில ஒரு இடம் வெச்சிருக்கேன். அதுக்கு மேல வெச்சிருக்க முடியாது.”

தஸ்தகீருக்கு வேண்டியது இவ்வளவுதான். ஒரு வகுப்பு, ஒரு தேர்வு, பிறகு ஒரு பேருந்து. மொழிப்பள்ளிக்குப் போனார். அங்கே ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் ஆப்கானியரா என்று கேட்டார். ஆமாம் என்றதும் அவர் முகம் தெளிந்தது. “உங்க ஆளுங்களுக்குன்னே தனியா ஒரு சங்கம் இருக்கே. அங்க போங்க,” என்று ஜன்னலைச் சாத்தினார்.

அந்தச் சங்கத்தின் பெயர் ‘பண்பாட்டுப் பாலம்.’ கல்வி மூலமும் கலைகள் மூலமும் ஆப்கானியக் குடியேறிகளுக்குத் துணைநிற்பது அதன் நோக்கம். தலைவி தோம்சன் அம்மையார். நல்ல பெண்மணி. இதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன், பிற்பாடு சொல்லச் சந்தர்ப்பம் வாய்க்காது. கழுத்தில் எப்போதும் ஆப்கானிஸ்தானத்தின் பதக்‌ஷான் நீலக்கல் மாலை போட்டிருப்பார். எதிரே நிற்பவரின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தலையைச் சற்றே சாய்த்துக் கேட்பார். கேட்டது காதில் விழுந்ததா என்பது வேறு விஷயம்.

அவருக்கு மொழிபெயர்ப்பாளர் இன்ஜினியர் சல்மய். காபூலில் இன்ஜினியரிங் படிக்கத் தொடங்கி, முடிப்பதற்குள் ஊர் மாறி, தலை நரைக்கும்வரை ஹாம்பர்க்கிலேயே இருந்துவிட்டவர். எல்லாரும் இன்ஜினியர் சாஹிப் என்றுதான் கூப்பிடுவார்கள். வாழ்நாளில் அவர் எழுப்பிய ஒரே கட்டடம் வாக்கியம்தான். மூன்று வார்த்தை கொடுத்தால் மூன்று மாடி கட்டித் தருவார்.

பெயர் பதியும் நாளில் மாடியில் நல்ல கூட்டம். தஸ்தகீரின் முறை வந்தபோது வகுப்பில் ஒரே ஓர் இடம் மிச்சம் இருந்தது. தோம்சன் அம்மையார் தலையைச் சாய்த்து, அவருக்கு அந்த இடம் வேண்டுமா என்று கேட்டார். இன்ஜினியர் சாஹிப் அதை அவர்கள் ஊர்ப் பேச்சான தாரி மொழியில் சொன்னார்.

ஹெராத்தில் முதல் தடவை வேண்டாம் என்பது வணக்கம் சொல்வதுபோல. இரண்டாம் தடவை வேண்டாம் என்பது வீட்டில் எல்லாரும் நலமா என்பதுபோல. மூன்றாம் தடவை கேட்கும்போதுதான் பேச்சே ஆரம்பமாகிறது; அப்போது நெஞ்சில் கைவைத்து, இவ்வளவு வற்புறுத்துகிறீர்களே என்று வாங்கிக்கொள்ள வேண்டும். கேட்டதும் கையை நீட்டுகிறவனை வளர்ந்த விதம் சரியில்லை என்பார்கள். தஸ்தகீர் நல்லபடியாக வளர்ந்தவர்.

“அய்யோ, எனக்கெதுக்குங்க அம்மா. வயசாயிடுச்சு. சின்னப் பசங்க இருக்காங்க, அவங்களுக்குக் குடுங்க,” என்றார் நெஞ்சில் கைவைத்து.

இன்ஜினியர் சாஹிப் அதை ஜெர்மனுக்குக் கொண்டுபோனார். தன் இனத்தின் இளந்தலைமுறைக்காக இந்தப் பெரியவர் தன் எதிர்காலத்தைத் துறக்கிறார் என்பதாக அது அங்கே போய்ச் சேர்ந்தது. தோம்சன் அம்மையாரின் கண் கலங்கியது. பக்கத்தில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். வரிசையில் பின்னால் நின்ற ஃபரிதூன் என்ற இளைஞனைக் கேட்டார்கள். அவன் ஹாம்பர்க்குக்கு வந்து சில வருடம் ஆனவன். “வேணும்,” என்று சொல்லிவிட்டான், ஒரே தடவையில். அவனுடைய அப்பா அம்மாவை நினைத்து தஸ்தகீர் வருத்தப்பட்டார்.

பிறகு ஓரமாக நின்று இரண்டாவது தடவை கேட்பதற்காகக் காத்திருந்தார். நாற்காலிகளை மடக்கினார்கள். விளக்கை அணைத்தார்கள். யாரும் கேட்கவில்லை.

வீட்டில் மனைவி மாஹ்ஜபீன் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“இடம் கிடைச்சுதா?”

“குடுத்தாங்க.”

“அப்புறம்?”

“வேண்டாம்னேன்.”

“எத்தனை தடவை?”

“ஒரு தடவைதான். அதுக்கு மேல அவங்க கேக்கல.”

மாஹ்ஜபீன் கத்தியைக் கீழே வைத்தாள். “கேக்கலையா? என்ன மனுஷங்களோ.” கொஞ்ச நேரம் அந்த நாட்டுக்காக வருத்தப்பட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினாள். “நாளைக்குப் போய் வேணும்னு சொல்லுங்க.”

“நாமளா போய் எப்படிச் சொல்றது? பிச்சை கேக்குற மாதிரி இருக்காது?”

“இருக்கும். அப்ப நேரா லூடர்ஸ்கிட்ட போங்க. பஸ்ஸு வேண்டாம், எனக்கு மரியாதை இருக்குன்னு சொல்லுங்க. அவரும் ஒரு தடவைதான் கேப்பாரு.”

மறுநாள் தஸ்தகீர் போனார். மாடி ஏறும்போதே வேணும், வேணும் என்று சொல்லிப் பார்த்துக்கொண்டார். மேலே அவருக்காக ஒரு பதவி காத்திருந்தது. ‘தோழமைத் தூதர்’ என்று எழுதிய அட்டையைச் சிவப்பு நாடாவில் கோத்து அவர் கழுத்தில் மாட்டினார்கள். படம் எடுத்தார்கள். தஸ்தகீர் எப்படியோ வாயைத் திறந்து, அந்த வகுப்பில் தனக்கும் ஓர் இடம் கிடைத்தால் நன்றாக இருக்கும் என்று சொன்னார்.

தோம்சன் அம்மையார் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். “தஸ்தகீர் சாஹிப், நீங்க இப்ப கொடுக்கிறவர். உங்களை மறுபடியும் வாங்கிக்கிறவரா ஆக்கினா உங்க கண்ணியத்தை நாங்களே பறிச்ச மாதிரி ஆயிடும். எங்க சங்க விதியே அதை அனுமதிக்காது.” பிறகு குரலைத் தாழ்த்தி, “எத்தனையோ பேர் வர்றாங்க. எல்லாருக்கும் ஏதாவது தேவைப்படுது. உங்களை மாதிரி எதுவும் தேவைப்படாத ஒருத்தரைத்தான் நாங்க இத்தனை வருஷமா தேடிட்டு இருந்தோம்,” என்றார்.

அந்த வாரக் கடைசியில் வகுப்பின் தொடக்கவிழா நடந்தது. தூதர் முன்வரிசையில் உட்கார்ந்தார். தோம்சன் அம்மையார் பேசினார்.

“நண்பர்களே, நாங்கள் உங்களுக்குக் கற்றுத்தர வரவில்லை. கற்றுத்தருவது ஆணவம். உங்களிடமிருந்து கற்றுக்கொள்ளவே வந்திருக்கிறோம். இலக்கணம் ஒரு சுவர். நாங்கள் கட்டுவது பாலம். இந்த வகுப்பில் யாரும் யாரையும் திருத்தமாட்டார்கள் என்று உறுதி கூறுகிறேன். யாருக்கும் தேர்வு பற்றிய பயம் இருக்காது, ஏனென்றால் யாரையும் தேர்வு வரைக்கும் போகவிடமாட்டோம்.”

இன்ஜினியர் சாஹிப் இதை மொழிபெயர்க்க எடுத்துக்கொண்ட நேரத்தில் தேநீர் ஆறிவிட்டது. கூட்டம் கைதட்டியது. தஸ்தகீரும் தட்டினார், முன்வரிசையில் இருந்துகொண்டு தட்டாமல் இருக்க முடியாது.

அதன்பின் வகுப்புக்கு இன்னொரு தொடக்கவிழா நடந்தது, இந்த முறை பணம் கொடுத்தவர்களுக்காக. முதல் விழாவுக்குப் பத்திரிகைக்காரர்கள் வரவில்லை என்பதால் அவர்களுக்காக ஒன்று. கோடை விடுமுறைக்குப் பிறகு ஒரு மறுதொடக்கவிழா. ஒவ்வொரு விழாவுக்கும் ஆப்கானியக் கலை நிகழ்ச்சி தேவைப்பட்டது, கலை நிகழ்ச்சிக்கு ஆப்கானியர் தேவைப்பட்டார்கள், சங்கத்துக்குத் தெரிந்த ஆப்கானியர் வகுப்பில்தான் இருந்தார்கள். ஆகவே ஒருவர் பின் ஒருவராக எடுத்துப் போனார்கள். ஃபரிதூனுக்கு டோல் மேளம் கொடுத்தார்கள். அவன் காபூலில் கணினிக் கடை வைத்திருந்த பையன், மேளத்தைக் கல்யாணத்தில் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறான், அவ்வளவுதான். ஒரு மாதத்தில் பிரமாதமாக அடிக்கக் கற்றுக்கொண்டான். நேரமும் நல்ல வாத்தியாரும் கிடைத்தால் எதையும் கற்கலாம் என்பதற்கு அவன் உதாரணம். மேள வாத்தியார் ஒரு ஜெர்மன்காரர்.

தஸ்தகீரைப் பட்டம் செய்யச் சொன்னார்கள். சின்ன வயதில் பட்டம் விட ஏறும் மொட்டைமாடி என்றாலே அவருக்குத் தலைசுற்றும் என்று சொல்லிப் பார்த்தார். பட்டத்தைப் பற்றிப் பேசும்போது அவர் கண்ணில் ஒரு சோகம் தெரிகிறது என்று தோம்சன் அம்மையார் மற்றவர்களிடம் சொன்னார். அந்தச் சோகத்துக்காக அவரைப் பட்டறைக்கே பொறுப்பாளராக்கினார்கள். அவர் செய்த பட்டங்கள் ஒன்றுகூடப் பறக்கவில்லை. எல்லாம் சுவரில் மாட்டப்பட்டன.

அந்தக் கட்டடத்தில் தாழ்வாரத்தின் கடைசியில் உண்மையாகவே ஒரு வகுப்பறை இருந்தது. அதில் ப்ரோடர்சன் டீச்சர் இருந்தார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை; ஒல்லியான உடம்பு, தடித்த கண்ணாடி. அவருக்குச் சம்பளம் கற்பிக்க. அவர் செய்துகொண்டிருந்த வேலை விழாக்களுக்குப் பெயர் அட்டை வெட்டுவது. பாடப்புத்தகங்கள் அலமாரியில் பூட்டிக் கிடந்தன. முதல் பாடத்தில் ஒரு குடும்பம் பன்றிக்கறிச் சாசேஜ் சாப்பிடுகிற படம் இருந்ததால், அது யாரையாவது புண்படுத்துமா என்று ஆராய ஒரு குழு போட்டிருந்தார்கள். குழுவில் ஆப்கானிய உறுப்பினர் தஸ்தகீர்.

“இந்தப் படம் உங்களைப் புண்படுத்துதா?” என்று கேட்டார்கள்.

தஸ்தகீர் படத்தைப் பார்த்தார். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கீழே நாலு வரி ஜெர்மன். அந்த நாலு வரியைப் படித்தால்கூடப் போதும்போல இருந்தது அவருக்கு.

“இல்லீங்க. அவங்க சாப்பாடு, அவங்க சாப்பிடுறாங்க. எனக்கு என்ன.”

 “காயம் அவ்வளவு ஆழமா இருக்கு, அவருக்கே தெரியல,” என்றார் தோம்சன் அம்மையார். புத்தகங்களை மறுபடியும் பூட்டினார்கள்.

அன்று குழு கலையும்போதுதான் தஸ்தகீர் இரண்டாவது தவறைச் செய்தார். வாசலில் விடைபெறும்போது எல்லாரும் சொல்வதுபோல, “வீட்டுக்கு வாங்க, ஒரு டீ சாப்பிட்டுட்டுப் போகலாம்,” என்றார். ஹெராத்தில் இதற்கு, சந்தோஷம், போய்வருகிறேன் என்று அர்த்தம். கேட்டவர் உங்களுக்கு எதற்குச் சிரமம் என்பார், இருவரும் அவரவர் வழியே போவார்கள்.

தோம்சன் அம்மையார் நாட்குறிப்பை எடுத்தார். “வியாழக்கிழமை நாலு மணிக்கு?”

வியாழக்கிழமை நாலு மணிக்கு அரைப் பேருந்துக்கூட்டம் வந்து இறங்கியது. சங்கத்தார், சங்கத்துக்கு நிதி தருவோர், நிதி தருவோருக்கு அறிவுரை தருவோர். மாஹ்ஜபீன் முந்தின நாளிலிருந்தே அடுப்பை விட்டு நகரவில்லை. மாவுக்குள் கீரை வைத்த போலானி, கறி அடைத்த மந்து, கேரட்டும் திராட்சையும் தூவிய சோறு எல்லாம் வந்தன. விருந்தாளிகள் ஒரு தட்டு முடித்து, போதும் என்றார்கள். மாஹ்ஜபீன் நல்லபடியாக வளர்ந்தவள். வேண்டாம் என்பது வணக்கம் என்று அவளுக்குத் தெரியும். இன்னும் போட்டாள். மறுபடியும் போதும் என்றார்கள். நலம் விசாரிக்கிறார்கள் என்று மறுபடியும் போட்டாள். மூன்றாவது தடவை சொல்ல அவர்களில் யாருக்கும் மூச்சு இல்லை. நிதி ஆலோசகர் ஒருவர் சோபாவில் பக்கவாட்டில் சாய்ந்து, கூரையைப் பார்த்தபடி வெகுநேரம் கிடந்தார்.

அந்தச் சோபாதான் பிரச்சினையாகிவிட்டது. வீட்டின் உணர்வு உண்மையாக இருந்தாலும் இருக்கைகள் ஆப்கானியத்தன்மையோடு இல்லை என்று ஆலோசகர்கள் கருத்துச் சொல்லியிருந்தார்கள். அடுத்த வாரம் ஒரு வண்டி வந்து தரையில் போடும் சிவப்பு மெத்தைகளை இறக்கிவிட்டுச் சோபாவை ஏற்றிக்கொண்டு போயிற்று. மாதம் ஒரு தடவை இனி அவர்கள் வீட்டில் மாலைவிருந்து நடக்கும் என்று தகவலும் வந்தது.

“ஹெராத்துல இருந்து இவ்வளவு தூரம் வந்தது ஒரு சோபாவுல உக்காரலாம்னுதான்,” என்றாள் மாஹ்ஜபீன், தரையில் காலை நீட்டியபடி. “முட்டி மடங்க மாட்டேங்குது. உங்க தூதர் பதவியில முட்டிக்கு ஏதாவது குடுப்பாங்களா?”

“அட்டை குடுத்திருக்காங்க.”

“அதைக் கட்டிக்கறேன்.” சற்றுப் பொறுத்து, “அந்த அம்மாகிட்ட வராதீங்கன்னு சொல்லிடுங்களேன்.”

தஸ்தகீர் அவளைப் பார்த்தார். அவளும் அவரைப் பார்த்தாள். வீட்டுக்கு வருகிறேன் என்பவரிடம் வராதீர்கள் என்று சொல்ல இருவருக்குமே வாய் இல்லை. மாஹ்ஜபீன் பெருமூச்சு விட்டு, அரிசியை ஊறவைக்கப் போனாள்.

இலைகள் மஞ்சளாகத் தொடங்கிய நேரத்தில் லூடர்ஸ் தொலைபேசியில் கூப்பிட்டார். திங்கட்கிழமை வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார். இத்தனை விழாக்களில் முன்வரிசையில் உட்கார்ந்ததில் தஸ்தகீருக்குக் கொஞ்சம் ஜெர்மன் ஒட்டிக்கொண்டிருந்தது. அவரிடம் இருந்த ஜெர்மன் அது ஒன்றுதான். எடுத்து விட்டார்.

“சமநிலையில் நிகழவிருக்கும் இச்சந்திப்பை, நாம் பகிர்ந்துகொள்ளும் ஒரு வெளியாக நான் மனமார வரவேற்கிறேன்.”

 “டீசல் கீசல் குடிச்சியா?” என்றார் லூடர்ஸ். பிறகு நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக, “திங்கள். காலைல. வருவியா, மாட்டியா?” என்றார்.

திங்கட்கிழமை போனார். லூடர்ஸ் அவருக்குப் புரியும்படி சொன்னார்: தேர்வு மாதக் கடைசியில். தேறினால் இடம். இல்லையென்றால் வேறு ஆள் தயார். லூடர்ஸ் கெட்டவர் இல்லை. சொல்லும்போது தஸ்தகீரைப் பார்க்காமல் ஜன்னலுக்கு வெளியே நின்ற வண்டிகளைப் பார்த்துக்கொண்டு சொன்னார். தஸ்தகீரும் வண்டிகளைத்தான் பார்த்தார்.

சங்கத்தின் ஆண்டுவிழா அந்த வாரம் வந்தது. அரசின் சமூகநலத் துறையிலிருந்து குவாஸ்ட் என்ற மூத்த அதிகாரி தலைமை தாங்கினார். எந்த விழாவில் எப்போது எழலாம் என்பதே யோசனையாக வாழ்ந்து களைத்த முகம். தோம்சன் அம்மையார் பேசினார், நிதி தருவோர் பேசினார்கள், ஃபரிதூனின் குழு மேளம் அடித்தது. வகுப்பில் பெயர் பதிந்த எல்லாரும் மேடையில் இருந்தார்கள், ஏதாவது ஒரு உடையில். கடைசியில் தோழமைத் தூதரை இரண்டு வார்த்தை பேச அழைத்தார்கள்.

தஸ்தகீர் மேடை ஏறினார். வீட்டில் மாஹ்ஜபீன் முன்னால் நின்று பழகிப் பார்த்த பேச்சு அது. தாரியில் சொன்னார்: “நான் டிரைவர். நான் ஜெர்மன் கத்துக்கணும். வகுப்புல எனக்கு ஒரு இடம் வேணும். மரியாதைக்குச் சொல்லல. நெசமாவே வேணும்.”

இன்ஜினியர் சாஹிப் ஒலிபெருக்கியை வாங்கினார். “வாழ்க்கையே ஒரு பயணம், நாம் எல்லாரும் அதன் ஓட்டுநர்கள், பாரில் உள்ள ஒவ்வொருவருக்கும் மனிதகுலத்தின் பெருவகுப்பறையில் ஓர் இடம் உண்டு என்று எங்கள் தூதர்...” என்று முதல் மாடியை எழுப்பி, இரண்டாவதற்குச் செங்கல் அடுக்கினார். கூட்டம் உருகியது.

தஸ்தகீர் கூட்டத்தைப் பார்த்தார். தான் சொன்னதற்கு இவர்கள் இப்படி உருக வழியில்லையே என்று தோன்றியது. இன்ஜினியர் சாஹிப்பின் கையிலிருந்து ஒலிபெருக்கியை மெதுவாக வாங்கினார். பெரியவர் கையிலிருந்து இப்படிப் பறிப்பது இதுவே முதல் தடவை. காது மடல் சுட்டது. தன்னிடமிருந்த ஜெர்மனில் விழாவுக்குரியதையெல்லாம் ஒதுக்கிவிட்டு மிச்சம் என்ன இருக்கிறது என்று தேடினார். கொஞ்சம்தான் இருந்தது.

“எனக்கு வகுப்பு வேணும். நாளைக்கு.”

 குவாஸ்ட் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“இன்னிக்குச் சாயங்காலம் எனக்குப் புரிஞ்ச முதல் வாக்கியம் இது,” என்றார். “வகுப்புல இடம் இல்லையா?”

தோம்சன் அம்மையார் மேடையைப் பார்த்தார். மேளக்காரர்கள், நடனக்காரர்கள், பட்டம் ஏந்தியவர்கள். “இடம் இருக்கு,” என்றார். உண்மை பேசிப் பழக்கமில்லாததால் குரல் சற்றுத் தடுமாறியது. “எல்லா இடமும் இருக்கு.”

மறுநாள் காலை தஸ்தகீர் தாழ்வாரத்தின் கடைசி அறைக்குப் போனார். ப்ரோடர்சன் டீச்சர் பெயர் அட்டை வெட்டிக்கொண்டிருந்தார்.

“எந்த விழாவுக்கு?” என்றார் நிமிராமல்.

“விழா இல்ல. படிக்க வந்தேன்.”

டீச்சர் கத்தரிக்கோலை வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டு, அவர் இன்னும் அங்கேயே நிற்கிறாரா என்று பார்த்தார். பிறகு எழுந்து போய், யாரையும் கேட்காமல் அலமாரிப் பூட்டைத் திறந்தார்.

அந்த வகுப்பில் ஒரே மாணவர் தஸ்தகீர். சாசேஜ் குடும்பத்தோடு ஆரம்பித்து, சந்தைக்குப் போய், மருத்துவரைப் பார்த்து, வீடு வாடகைக்குப் பிடித்தார்கள். டீச்சர் ஒவ்வொரு தவறையும் திருத்தினார். அத்தனை மாதம் யாரும் திருத்தாமல் கிடந்த மனிதருக்கு அது வெயில் காய்வதுபோல இருந்தது. “இல்ல. மறுபடி,” என்பார் டீச்சர். தஸ்தகீர் மறுபடி சொல்வார். சாயங்காலம் சிவப்பு மெத்தையில் உட்கார்ந்து மாஹ்ஜபீனுக்குச் சொல்லிக் காட்டுவார். “இல்ல. மறுபடி,” என்பாள் அவளும், ஒன்றும் புரியாவிட்டாலும்.

தேர்வுக்குச் சில நாளே இருந்தபோது, வழி கேட்கும் பாடம் நடந்துகொண்டிருந்தது. தாழ்வாரத்தில் நிறையக் காலடிச் சத்தம் கேட்டது. கதவு தட்டப்பட்டது. டீச்சருக்கு அந்தச் சத்தம் தெரியும், இன்னொரு விழா. சுண்ணாம்புக் கட்டியைக் கீழே வைத்துவிட்டு, கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டார்.

தஸ்தகீர் போய்க் கதவைத் திறந்தார். தோம்சன் அம்மையார் நின்றிருந்தார். பின்னால் டென்மார்க்கிலிருந்து வந்த குழு, கேமரா, மேளத்தோடு ஃபரிதூன், தட்டில் தேநீர்க் கோப்பைகளோடு இன்ஜினியர் சாஹிப்.

“தஸ்தகீர் சாஹிப், நம்ம வகுப்போட வெற்றியைப் பார்க்க இவ்வளவு தூரத்துல இருந்து வந்திருக்காங்க. மத்தியானம்வரைக்கும்தான். உள்ள வரலாமா?”

வாசலில் விருந்தாளி. குளிரில் மூக்கு சிவந்த விருந்தாளி. அவருடைய குடும்பத்தில் அவருக்குத் தெரிந்த யாரும் வாசலில் நின்றவரை உள்ளே வர வேண்டாம் என்று சொன்னதில்லை. நாற்காலிகள் எங்கே கிடக்கின்றன, எத்தனை பேரை உட்காரவைக்கலாம் என்று மனம் தன்பாட்டுக்குக் கணக்குப் போடத் தொடங்கியிருந்தது.

“வேண்டாம்,” என்றார் தஸ்தகீர். “பாடம் நடக்குது.”

கதவைச் சாத்தினார்.  கைப்பிடியைப் பிடித்தபடியே நின்றார். இரண்டாவது தடவை கேட்பார்கள். இன்னொரு வேண்டாம் எப்படியாவது சொல்லிவிடலாம். மூன்றாவது தடவை கேட்டால் தன்னால் முடியாது, திறந்துவிடுவோம் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்தது. தேர்வு போகும், லூடர்ஸ் வைத்திருக்கும் இடம் போகும். போனால் போகட்டும், வாசலில் நிற்பவரை மூன்று தடவை திருப்பி அனுப்பும் அளவுக்கு அவர் கெட்டவர் இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

வெளியே, “சரி,” என்றார் தோம்சன் அம்மையார். காலடிகள் தாழ்வாரத்தில் தூரமாகப் போயின. கோப்பைகள் குலுங்கும் சத்தமும் போயிற்று. பட்டங்கள் மாட்டியிருந்த கூடத்திலிருந்து சற்றைக்கெல்லாம் மேளச்சத்தம் கேட்டது.

தஸ்தகீர் கதவில் காதை வைத்தார்.

“கேக்கவே இல்லையே,” என்றார்.

“என்ன கேக்கல?” என்றார் டீச்சர்.

“இன்னொரு தடவை.”

“எதுக்குக் கேக்கணும்? நீங்கதான் வேண்டாம்னுட்டீங்களே.”

அவர் வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார். தேநீர்கூடக் கொடுக்காமல் அனுப்பிவிட்டோமே என்று நெஞ்சில் ஒரு முள் இருந்தது. இவ்வளவு சுலபமான நாட்டில் இத்தனை மாதம் கஷ்டப்பட்டோமே என்று அதன் பக்கத்தில் இன்னொரு முள். டீச்சர் கத்தரிக்கோலை மேஜைக்குள் வைத்துவிட்டு, சுண்ணாம்புக் கட்டியை எடுத்தார்.

“களைப்பா இருக்கீங்க. மேல நடத்தட்டுமா?”

உங்களுக்கு எதற்குச் சிரமம் டீச்சர், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. ப்ரோடர்சன் டீச்சர் சுண்ணாம்புக் கட்டியோடு பலகை அருகே நின்றுகொண்டிருந்தார். நல்ல ஆசிரியை. ஆனாலும் இந்த நாட்டுக்காரர்.

“நடத்துங்க,” என்றார் தஸ்தகீர்.